பூனைக்காலி: சுணை முதல் பொடி வரை

விதைக்கூடை

மார்கழி, தை மாதங்களில் காய் முற்றும்போதுதான் பூனைக்காலியிடம் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். காட்டுக்கொடியின் காய், எஸ் எழுத்துபோல வளைந்து, செம்பழுப்புச் சுணை (அரிக்கும் நுண்முடி) போர்த்தியிருக்கும். காய்ந்துவிட்டால் கொடியை லேசாக அசைத்தாலே சுணை பறக்கும். அதனால் பனி ஈரம் காய்வதற்குள் பறித்துவிட வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளாமல் கொத்தோடு அறுத்து ஈரச் சாக்குக்குள் விழவிடுங்கள். கையுறையின் வாய் சட்டைக்கை மேல் ஏறியிருக்கட்டும். மணிக்கட்டு இடுக்குதான் முதலில் மாட்டும்.

சாக்கோடு கொதிநீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் சுணை சாதுவாகிவிடும். அரிப்பைத் தூண்டுவது அதிலுள்ள மியூகுனைன் என்ற நொதி. வெப்பம் பட்டால் அது செயலிழந்துவிடும். நடவுக்கு வைக்கும் காயை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், முளைப்பு போய்விடும். பசுந்தாள் உரத்துக்குப் பயிரிடும் வகையில் அரிக்கும் சுணை கிடையாது. அதற்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.

மலைச்சரிவு

சுணை உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் சுணை முறிந்து இன்னும் ஆழமாகக் குத்தும். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி உரித்தெடுங்கள், ஒவ்வொரு முறையும் புது நாடா. அதன் பிறகு சோப்பும் தண்ணீரும். போட்டிருந்த துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அலர்ஜி மாத்திரை போட்டும் அரிப்பு அடங்கவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த அரிப்பு பெரும்பாலும் ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் பொருள்) வழியாக வருவதில்லை, அதனால் அந்த மாத்திரைக்குப் பெரிதாகக் கட்டுப்படாது. கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

உரலும்உலக்கையும்

மருந்துக்காக விதையைச் சுத்தி செய்யும் (வேண்டாததை நீக்கிப் பக்குவப்படுத்தும்) முறை பற்றி. 100 கிராம் விதை, ஒரு லிட்டர் பசும்பால். முதல்நாள் இரவே விதையை ஊறவைக்க வேண்டும். ஊறாமல் கல்லாகவே கிடக்கும் விதைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவை பாலிலும் வேகாது. ஊறியதை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, சட்டிக்குக் குறுக்கே வைத்த குச்சியில் கட்டிப் பாலுக்குள் தொங்கவிட வேண்டும் (துலா எந்திரம் என்பது இதுதான்). சிறுதீயில் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். பால் சுண்டச் சுண்டக் கொஞ்சம் வெந்நீர் சேர்க்கலாம்.

இரண்டு இடத்தில் கெடும். முடிச்சு சட்டியின் அடியைத் தொட்டால் பால் தீய்ந்து, அந்த வாடை பொடி வரைக்கும் வரும். இறுக்கி முடிந்தால் விதை உப்ப இடமில்லாமல் நடுவில் உள்ளது வேகாமல் நிற்கும். இறக்கியதும் சூடாக இருக்கும்போதே தோலை உரித்துவிட வேண்டும். ஆறவிட்டால் தோல் மறுபடி ஒட்டிக்கொண்டு, நகத்துக்குத்தான் வேலை. பருப்பைப் பிளந்து உள்முளையையும் நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கடித்தால் நொறுங்கும் பதம் வந்த பிறகுதான் இடிக்க வேண்டும். அரைகுறை ஈரத்தில் இடித்தால் பொடி கட்டிபிடித்து நாளடைவில் கறுக்கும்.

விதைக்கூடை

கறுப்பதற்குக் காரணம் பூஞ்சணம் மட்டுமல்ல. விதையிலுள்ள லெவோடோபா (கம்பவாதம் எனும் பார்கின்சன் நோய்க்குத் தரும் மருந்துப்பொருள்) காற்றும் ஈரமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கருநிறமாகும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடுகிறவர்கள் அதே மாற்றத்தைச் சட்டியிலேயே நடத்திவிடுகிறார்கள். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பாதான் சரி.

ஆவாரம்

விதை வெந்த தண்ணீரைக் கொட்டுவதா, வேண்டாமா?

உரலும்உலக்கையும்

எதற்குச் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உணவென்றால் கட்டாயம் கொட்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காணிக்காரப் பழங்குடியினர் இதைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்டுத்தான் உண்பார்கள். லெவோடோபா அந்த நீரோடு வெளியேறும். 1989இல் மொசாம்பிக்கில் பஞ்சமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இருந்த பகுதியில், வேகவைத்த நீரையும் வீணாக்காமல் குடித்தவர்களுக்குப் புத்தி தடுமாறியது. பாதிக்கப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல். மருந்துக்கோ அந்த லெவோடோபா விதையில் தங்க வேண்டும். அதனால்தான் பலமுறை நீர் மாற்றாமல் ஒரே பாலில் அவிக்கிறார்கள். அந்தப் பாலை மட்டும் கொட்டிவிட வேண்டும். சத்துப்பால் என்று குடித்துவிடாதீர்கள்!

நாடிக்குறிப்பு

அளவுதான் உண்மையான சிக்கல். இந்த விதையிலிருந்து லெவோடோபாவை 1937இலேயே தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் எந்த விதையில் எவ்வளவு இருக்கிறது என்பது கொடிக்குக் கொடி மாறும். 3 விழுக்காடு உள்ள விதையில் 5 கிராம் பொடி என்றால் 150 மில்லிகிராம், 6 விழுக்காடு என்றால் 300. ஒரே கரண்டிதான், இரட்டிப்பு வேறுபாடு. சுத்தி செய்யும்போது கரைந்து போவது தனிக்கணக்கு.

கம்பவாதத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதை அதன்மேல் சேர்த்துக்கொள்வதுதான் அதிகம் பார்க்கும் தவறு. கை கால் தானாக நெளிவது, எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவது, இல்லாததைக் காண்பது எல்லாம் மிகையான அளவின் அடையாளங்கள். மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா போன்ற துணைமருந்து இருக்கும், விதையில் அது இல்லை. குமட்டல் கூடுதலாக வருவதற்கு அது ஒரு காரணம். மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிட முடியாததும் அதனால்தான். மனநோய் மருந்து, ரத்த அழுத்த மருந்து, சில மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

ஆவாரம்

பொடியைப் பாலில் கலந்து குடிப்பதுதானே வழக்கம்?

நாடிக்குறிப்பு

வழக்கம்தான். ஆனால் பாலின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டியிடும். நடுக்கத்துக்காக மருத்துவர் சொல்லி எடுப்பவர், பாலா வெந்நீரா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். இன்றைக்குப் பாலில், நாளைக்குத் தண்ணீரில் என்று மாற்றினால் மருந்து பிடிக்கும் நேரமும் மாறும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

மலைச்சரிவு

விதை வாங்கும்போது ஒன்று பாருங்கள். காம்புத் தழும்பைச் சுற்றி மெழுகுபோல் தடித்த வெளிர் விளிம்பு இருந்தால் பூனைக்காலி. அந்த விளிம்பு இல்லாமல் நீளமான தழும்பு மட்டும் இருந்தால் வாளவரையாக இருக்கலாம். பொடியாக வாங்கினால் அடையாளம் காண வழியில்லை. கரும்புள்ளிகள் தெரிந்தால் தோலோடு அரைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரியும்.