லிக்விட் கூல் பைக் நிண்டா கொதிக்குது, ஹெட் கழட்டத்தான் வேணுமோ?

புதுக்குடியிருப்பு150:
அண்ணைமாருக்கு வணக்கம். என்னட்ட இருக்கிறது செக்கண்ட் ஹாண்டா எடுத்த 150 சீசீ லிக்விட் கூல் பைக். ஏ35 ரோட்டில விசுவமடு தாண்டி பரந்தன் மட்டும் ஒரே இழுவையா போகேக்க ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனா கிளிநொச்சி ரவுணுக்குள்ள வந்து சனத்துக்குள்ளால உருட்ட வெளிக்கிட்டா கொஞ்ச நேரத்தில ரெம்பறேச்சர் லைற் எரியுது, வயலுக்குப் போற கிரவல் ரோட்டில முதலாம் ரெண்டாம் கியரில போனாலும் இதே கதைதான். நிப்பாட்டினா பக்கத்தில இருக்கிற கூலன்ற் போத்திலுக்குள்ள குளுகுளு எண்டு சத்தம், போத்தில் நிரம்பி வெளியிலயும் வழியுது. ஒரு கராச்சில காட்டினா ஹெட் காஸ்கற் (எஞ்சின் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில இருக்கிற சீல்) போட்டுது, எஞ்சின் கழட்டோணும் எண்டு சொல்லீனம். சிறுபோக வெட்டு தொடங்கப் போற நேரம், கையில அவ்வளவு காசும் இல்லை, பைக் இல்லாம இருக்கவும் ஏலாது. கழட்டுறதுக்கு முதல் நானா ஏதும் பாக்கலாமோ?

மாங்குளம் பழைய கராச்:
ஹெட்டை இப்ப தொடவேண்டாம் தம்பி. ஓட்டத்தில சூடாகேல்லை, மெதுவா போனாத்தான் சூடாகுது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், பாதி விசயம் அதிலயே தெரியுது. 60இல போகேக்க வாற காத்து ரேடியேற்றருக்குள்ளால போய் தன்ர வேலையைச் செய்துபோடும், அந்த நேரம் ஃபான் தேவைப்படுறேல்லை. நிண்டா ஃபான்தான் காத்து. அதால முதல் சந்தேகம் ஃபான், அதின்ர வயர், ஃபியூஸ், ரிலே, சூடு கூடினா ஃபானைப் போடுற சுவிச். இதே பைக் லோட் ஏத்தி வேகமா ஓடேக்க சூடாகி மெதுவா போகேக்க ஆறியிருந்தா நான் தண்ணி ஓடுற பக்கத்தை, அதாவது தேர்மோஸ்ரற் (சூட்டுக்குத் திறக்கிற வால்வு), வோட்டர் பம்ப், ரேடியேற்றர் உள்ளடைப்பு எண்டு தேடச் சொல்லியிருப்பன்.

மூண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. லைற் எரியேக்க ஃபான் சுத்துதோ? இரவு முழுக்க ஆறவிட்டு விடிய ரேடியேற்றர் மூடியைத் திறந்தா தண்ணி மட்டம் எங்க நிக்குது, போத்திலில எவ்வளவு நிக்குது? உள்ளுக்க கிடக்கிறது கலர் கூலன்றோ கிணத்துத் தண்ணியோ? சூட்டோட மட்டும் மூடியில கை வைக்கவேண்டாம், மூஞ்சையில அடிச்சா அவிஞ்சுபோம்.

வவுனியா ரைடர்:
தேர்மோஸ்ரற்றைக் கழட்டி வச்சிட்டு ஓடுங்கோ, எங்கட வெக்கைக்கு அது தேவையில்லை. குளிர் நாட்டுக்காரருக்குத்தான் அது. நான் அப்பிடித்தான் ஓடுறன்.

கிளிநொச்சி வயர்வேலை:
வவுனியா ரைடர், கோவிக்காதேங்கோ, ஆனா இதை ஆருக்கும் சொல்லவேண்டாம். தேர்மோஸ்ரற் 80 பாகை மட்டில திறந்து விடுறது, அது எஞ்சினை வேலை செய்யிற சூட்டுக்குக் கெதியா கொண்டுவரத்தான் இருக்கு. கழட்டினா எஞ்சின் கனநேரம் குளிராவே ஓடும், இன்ஜெக்சன் பைக் எண்டா ஈசியூ, அதாவது பைக்கின்ர கொம்பியூட்டர், எஞ்சின் இன்னும் சூடாகேல்லை எண்டு நினைச்சு பெற்றோலைக் கூட அடிச்சுக்கொண்டே இருக்கும், தேய்மானமும் கூட. ஃபான் சுத்தாத பைக்குக்கு தேர்மோஸ்ரற் கழட்டி ஒரு பிரயோசனமும் இல்லை, நிண்டா கொதிக்கத்தான் செய்யும். சந்தேகம் எண்டா ஒரு சட்டிக்குள்ள தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள போட்டுப் பாக்கலாம், திறக்காட்டி புதுசு வாங்கிப் பூட்டுங்கோ.

புதுக்குடியிருப்பு150:
பாத்தனான் அண்ணை. ஃபான் சுத்தேல்லை, லைற் எரிஞ்சு கொஞ்ச நேரம் பொறுத்தும் பாத்தன், அசையேல்லை. விடிய மூடி திறந்தா ரேடியேற்றரில தண்ணி தெரியவே இல்லை, விரல் விட்டும் தட்டுப்படேல்லை, ஆனா போத்தில் மேல் கோட்டுக்கும் மேல நிரம்பி நிக்குது. தண்ணியில கலர் இல்லை, மண்ணிறமா கிடக்கு, மூடியின்ர அடியில வெள்ளையா பொருக்கு. முதல் வச்சிருந்தவர் கிணத்துத் தண்ணிதான் விட்டவராம்.

மாங்குளம் பழைய கராச்:
இதைத்தான் எதிர்பாத்தனான். மூடியில ரெண்டு வால்வு இருக்கு. சூடேறி அமுக்கம் கூடினா பெரிய வால்வு திறந்து தண்ணியைப் போத்திலுக்கு விடும். ஆறேக்க உள்ளுக்க வெற்றிடம் வரும், அப்ப நடுவில இருக்கிற சின்ன வால்வு திறந்து போத்திலில இருந்து தண்ணியைத் திருப்பி இழுக்கோணும். உங்கட பைக்கில போறது போகுது, திரும்பி வரேல்லை. ஒண்டில் மூடியின்ர சின்ன வால்வு பொருக்குப் பிடிச்சு இறுகியிருக்கு, இல்லாட்டி போத்திலுக்குப் போற குழாய் வெடிச்சு காத்தை இழுக்குது. குழாயை ரெண்டு அந்தத்திலயும் மடிச்சுப் பாருங்கோ, வெடிப்பு அங்கதான் இருக்கும்.

மூடியைச் சின்னச் சாமான் எண்டு நினைக்கவேண்டாம். அதுக்கு மேல 0.9 இல்லாட்டி 1.1 எண்டு இலக்கம் அடிச்சிருக்கும், அதுதான் அமுக்கம். சும்மா தண்ணி 100 பாகையில கொதிக்கும், 1.1 மூடி வடிவா இறுக்கிப் பிடிச்சா 120 தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தா அந்த வித்தியாசம் முழுக்கப் போச்சு. அதே இலக்கத்தில புதுசு வாங்குங்கோ, கூடின இலக்கம் போடவேண்டாம், குழாய் வெடிக்கும்.

கிளிநொச்சி வயர்வேலை:
ஃபானை நான் சொல்லுறன். முதல் ஃபியூஸ். அது நல்லம் எண்டா ஃபானின்ர பிளக்கைக் கழட்டி பற்றரியில இருந்து நேர ரெண்டு வயர் பிடிச்சுப் பாருங்கோ, பிளஸ் மைனஸ் மாறாம. சுத்தாட்டி மோட்டர் போட்டுது. சுத்தினா பிழை சுவிச் பக்கம். ரேடியேற்றரில ரெண்டு வயரோட சுவிச் இருந்தா அதின்ர பிளக்கைக் கழட்டி ரெண்டு முனையையும் துண்டு வயரால தொடுத்து சாவியைப் போடுங்கோ, ஃபான் ஓடினா சுவிச்தான் போட்டுது. ஈசியூவுக்குப் போற சென்சர் எண்டா அப்பிடித் தொடுக்கப்படாது, கவனம்.

காஸ்கற் சந்தேகத்தையும் தீர்த்துப்போடுங்கோ. விடிய எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கேக்க ரேடியேற்றரை நிரப்பி மூடியைத் திறந்து வச்சு ஸ்ராட் பண்ணுங்கோ. உள்ளுக்க காத்து நிண்டா முதல் கொஞ்சம் காத்து முட்டை (குமிழி) விடும், அது பறவாயில்லை. ரேஸ் பண்ணப் பண்ண நிக்காம முட்டை வந்துகொண்டே இருந்து புகை மணமும் அடிச்சா காஸ்கற்தான். ஒயில் மூடிக்கு அடியில பால்ரீ நிறத்தில களி இருந்தாலும் அதுதான். வோட்டர் பம்புக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதால ஒழுகினா பம்ப் சீல்.

புதுக்குடியிருப்பு150:
ஹெட் நல்லம் அண்ணைமார்! முட்டை தொடக்கத்தில ரெண்டு மூண்டு வந்து நிண்டிட்டுது, ஒயில் சுத்தம், பம்பும் காய்ஞ்சு கிடக்கு. ஃபான் பற்றரியில நேர பிடிக்க ஓடுது. சுவிச் ரெண்டு வயர்தான், தொடுத்தா அதிலயும் ஓடுது. சுவிச்சைக் கழட்டிப் பாத்தா தண்ணிக்குள்ள நிக்கிற முனை முழுக்க வெள்ளைப் பொருக்கு, கேத்திலுக்குள்ள பிடிக்கிற அதே பொருக்கு, நகத்தால சுரண்ட தட்டுத் தட்டா வருது. ஃபானுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில பதரும் செம்மண்ணும் அப்பிக் கிடந்தது. கழுவ எப்பிடி?

மாங்குளம் பழைய கராச்:
வெளியை பின்பக்கத்தில இருந்து முன்னுக்கு மெதுவா தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ. சேர்விஸ் ஸ்ரேசன் பிரஷரைக் கிட்டப் பிடிச்சா தகடு மடிஞ்சு காத்து போற வழி அடைபட்டுப்போம். உள்ளுக்க நல்ல தண்ணி விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, இறக்கி, கலங்கல் நிக்குமட்டும் திருப்பித் திருப்பிச் செய்யுங்கோ. பொருக்குக் கரையும் எண்டு கக்கூஸ் கழுவிற அசிட் கிசிட் ஊத்திப்போடாதேங்கோ, ரேடியேற்றர் அலுமினியம், அரிச்சு ஓட்டையாக்கிப்போடும்.

பிறகு கூலன்ற் விடுங்கோ. கலக்கிறது எண்டா பாதிக்குப் பாதி, பற்றரிக்கு விடுற டிஸ்டில் தண்ணியோட. எங்கட வன்னிக் கிணறு கனக்க இடத்தில சவர், கல்சியம் கூட, அதை விட்டா வருசம் போக திரும்ப இதே பொருக்குத்தான். நிரப்பி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குழாயுகளைப் பிதுக்கிக் காத்தை எடுங்கோ, மட்டம் இறங்க இறங்க விடுங்கோ. காத்து நிண்டா புதுச் சாமான் பூட்டியும் கொதிக்கும்.

இறக்கிற பழைய கூலன்றை முத்தத்தில ஊத்தவேண்டாம். இனிப்பு, நாயும் ஆடும் நக்கும், நக்கினா சிறுநீரகம் போய்ச் செத்துப்போம்.

புதுக்குடியிருப்பு150:
மூடியும் சுவிச்சும் புதுசு பூட்டியாச்சு, ரெண்டும் சேத்தே ஹெட் வேலைக்குக் கேட்ட காசில ஒரு சின்னப் பங்குதான். வீட்டில நிப்பாட்டி ஓடவிட ஃபான் தானா போட்டுத் தானா நிண்டுது, விடிய மட்டமும் வாய்மட்டும் நிக்குது. நாளைக்கு மூட்டை ஒண்டு ஏத்திக்கொண்டு கிரவலில போய்ப் பாத்திட்டு எழுதுறன்.

கிளிநொச்சி வயர்வேலை:
போகேக்க புது சுவிச் வொசரடியில ஒழுகுதோ எண்டும் ஒருக்கா பாருங்கோ.