கிறிஸ்தவத்தை விட்டு யூத சிந்தனை பக்கம் வந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டைக்காரி:

நான் சி.எஸ்.ஐ. குடும்பம். தாத்தா உபதேசியார். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், அசனப் பண்டிகை எல்லாவற்றிலும் ஊறி வளர்ந்தவள். சபை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என்னை வெளியே கொண்டுவந்தது பழைய ஏற்பாடுதான்.

எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்தது. "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்கிறது. அப்படியானால் ஆதாமின் பாவம் பிறக்கும்போதே என் தலையில் எப்படி வந்தது? துன்மார்க்கன் தன் வழியை விட்டுத் திரும்பினால் பிழைப்பான் என்றும் அங்கேயே இருக்கிறது. யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்திலும் இதுதான். நினிவே மக்கள் உபவாசம் இருந்தார்கள், கொடுமையை விட்டார்கள், தேவன் மன்னித்தார். பலி கிடையாது, இரத்தம் கிடையாது.

எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். கோபப்படாமல், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பின்னால் வரப்போகிற சிலுவையை முன்னிட்டே நினிவேக்கும் மன்னிப்பு கிடைத்தது என்றார். அவருடைய நல்ல மனதை மதிக்கிறேன். ஆனால் யோனாவின் நாலு அதிகாரத்தில் எங்கேயும் அது இல்லையே. யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளின் மதிய ஆராதனையில் யூதர்கள் யோனா புத்தகத்தை முழுவதுமாக வாசிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் தனியாக மனதில் சுமந்த விஷயத்தை ஒரு ஜனமே தன் மிகப் புனிதமான நாளில் உட்கார்ந்து வாசிக்கிறது! அன்று அழுதுவிட்டேன்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது ஏசாயா 53. பிறருக்காகப் பாடுபடும் தேவனுடைய தாசன் ஒருவரைப் பற்றிய அதிகாரம் அது. அவர் இயேசுதான் என்று பெரிய வெள்ளி தோறும் கேட்டுப் பழகியதால், வேறு மாதிரி வாசிக்கவே வரவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத வேத விளக்கவுரையாளர் ராஷி அந்தத் தாசனை இஸ்ரவேல் ஜனம் என்றே விளக்குகிறார். 41:8, 49:3 போன்ற இடங்களில் ஏசாயாவே இஸ்ரவேலைப் பெயர் சொல்லித் தாசன் என்கிறார். அந்த அதிகாரத்தை மேசியாவோடு சேர்த்துப் பேசும் இடமும் தல்மூதில் (ரபிகள் என்னும் யூத மத ஆசான்களின் விவாதத் தொகுப்பு) உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. எனக்குப் பிடித்ததே அதுதான். இரண்டு கருத்தும் ஒரே மரபுக்குள் இருக்கிறது, யாரையும் வெளியே தள்ளவில்லை. அதே தல்மூதில், ஒரு அடுப்பு தீட்டா இல்லையா என்ற வாதத்தில் வானத்திலிருந்தே குரல் வந்தும், "அது வானத்தில் இல்லை" என்று உபாகமத்தைக் காட்டி ரபி யோசுவா எழுந்து நிற்கிறாரே, அந்தக் கதையைப் படித்த பிறகு நான் பழைய மாதிரி ஜெபிக்கவில்லை. கேள்வியோடுதான் ஜெபிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. எக்காளம் ஊதி, யூத ஜெபச் சால்வை போர்த்திக்கொண்டு நடக்கும் கிறிஸ்தவக் கூட்டங்கள் நம் ஊரிலும் உண்டு. என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். பிரசங்கம் முழுக்கச் சிலுவைதான். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. ஆனால் யூத சிந்தனையைத் தேடி அங்கே போகாதீர்கள்.

சபையைத்தான் எங்கள் ஊரில் சங்கம் என்போம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "சங்கத்துல பேர எடுத்துட்டா ஒன்ன எங்க புள்ள அடக்கம் பண்ணுவாங்க?" அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மும்பைவாசி:

அக்கா, உங்கள் பதிவைப் படித்து மனது நிறைந்துவிட்டது. நான் பெந்தெகொஸ்தே பின்னணி. வேலைக்காக மும்பை வந்த பிறகு யூத ஜெப ஆலயம் போகத் தொடங்கினேன். 2008 தாக்குதலில் நரிமன் ஹவுஸ் யூத மையமும் இலக்கானது இல்லையா, அதனால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். சங்கடப்படாமல் காட்டுங்கள்.

அங்கே பெனே இஸ்ரயேல் என்னும் இந்திய யூத சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் பேசினார். மதம் மாற வந்தாயா என்று கேட்டு, "எதற்கப்பா? நோவாவின் 7 கட்டளைகளைக் கைக்கொண்டாலே போதும், 613-ஐயும் ஏன் தோளில் ஏற்றிக்கொள்கிறாய்?" என்றார். யூத மரபில் அந்த 7 எல்லா மனிதருக்கும் உரியவை, 613 யூதர்களுக்கு உரியவை. ஆத்தும ஆதாயம் என்று தெருத் தெருவாகத் துண்டுப் பிரதி கொடுத்து வளர்ந்தவன் நான். வருகிறவனைத் திரும்பிப் போ என்று சொல்லும் மார்க்கம் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பிறகுதான் பழைய ஏற்பாட்டில், கூடவே வந்த மோவாபிய மருமகள் ரூத்தை மாமியார் நகோமி திரும்பத் திரும்பப் போகச் சொன்னதை வேறு கண்ணோடு வாசித்தேன். அந்தப் பெரியவர் வீட்டில் எலியா தீர்க்கதரிசி பெயரில் மலிதா படைத்தபோது என்னையும் அழைத்தார்கள். அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழமும் கலந்தது. அருமையான ருசி.

பாளையங்கோட்டைக்காரி:

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் நானும் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாறுவது என்றால் ரபிகள் மூன்று பேர் கொண்ட நீதிமன்றம், முழுக்கு என்று நீண்ட வழி. அதற்கு அவசரம் இல்லை. என் வீட்டுக்காரர் இன்னும் சபையில்தான் இருக்கிறார், நாங்கள் சண்டை போடுவதில்லை. பிள்ளைகள் விஷயம்தான் குழப்பம். துணை கிறிஸ்தவராக இருக்க, நீங்கள் மட்டும் விலகிய குடும்பங்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளிடம் என்ன பேசுகிறீர்கள்?