ஏஞ்சலா லான்ஸ்பரி: மேடை, திரை, குரல் மூன்றையும் இணைப்பது எது?

கேள்வி

ஏஞ்சலா லான்ஸ்பரியை ‘மர்டர், ஷி ரோட்’ தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் எழுத்தாளராக வரும் ஜெசிகா ஃபிளெட்சராகத்தான் எனக்கு முதலில் தெரியும். பிறகு அவருடைய பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் மேடை நடிப்புக்காக அவர் ஐந்து முறை, அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருது பெற்றவர் என்பதை அதற்கும் பின்னரே அறிந்தேன். திரைப்படம் அவரைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, மேடை தூக்கி நிறுத்தியது, முதுமையில் அனிமேஷன் படங்களுக்குக் குரல் கொடுத்தார் என்றே பெரும்பாலான கட்டுரைகள் எழுதுகின்றன. பதினேழு வயதில் நடிக்கத் தொடங்கி, முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஒருவரின் வாழ்வை இப்படி மூன்று துண்டாக நறுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றையும் கோக்கும் சரடு ஏதேனும் உண்டா? நாடகமும் குரல் நடிப்பும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உண்டு, அது அவருடைய குரல் என்பதே என் உறுதியான கருத்து. 1944இல் வெளிவந்த ‘கேஸ்லைட்’ படத்தில் அவர் நான்சி என்ற வேலைக்காரப் பெண்ணாக வருகிறார். எஜமானிக்கு அவள் சொல்லும் பதில்களில் சொற்கள் பணிவாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கியம் முடியும் இடத்தில் தொனி லேசாக இழுபட்டு, இளக்காரம் வெளியே தெரிந்துவிடும். அவள் பேசுவது லண்டனின் உழைக்கும் மக்களுடைய ‘காக்னி’ வழக்கு. 1979இல் ‘ஸ்வீனி டாட்’ இசைநாடகத்தில் இறைச்சி அப்பம் சுட்டு விற்கும் மிசஸ் லவெட்டாக மேடையேறியபோதும், 1991இல் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தில் தேநீர்க் கெண்டியான மிசஸ் பாட்ஸுக்குக் குரல் கொடுத்தபோதும் அதே வழக்கையே அவர் எடுத்தாண்டார். முதலாமவள் அலட்சியக்காரி, இரண்டாமவள் கொலைக்குத் துணைபோகிறவள், மூன்றாமவள் தாய்மையே உருவானவள். ஒரே பேச்சு வழக்கிலிருந்து இத்தனை வேறுபட்ட மனிதர்களை அவரால் எடுக்க முடிந்தது. (அவருடைய தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, கிழக்கு லண்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்கட்சித் தலைவராகவும் இருந்தவர் என்பதை இந்த இடத்தில் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.)

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் இருக்கிறது. 1946இல் வந்த ‘த ஹார்வி கேர்ள்ஸ்’ படத்தில் அவர் பாடுவதாக வரும் பாடலை அவர் பாடவில்லை. ஸ்டூடியோ வர்ஜீனியா ரீஸ் என்ற பாடகியின் குரலை இரவலாகப் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு ‘த பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ படத்தில் சொந்தக் குரலில் பாடி, அந்த வேடத்துக்காக இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றிருந்த நடிகைக்கு இது நேர்ந்தது. அந்தக் குரலின் முழு வலிமையை உலகுக்குக் காட்டியது மேடைதான். மிசஸ் லவெட்டின் முதல் பாடலில் மாவை அறைவதும் உருட்டுவதும் பூச்சியை அடிப்பதும் தாளத்தின் குறித்த அடிகளில் விழ வேண்டும். மூச்சு வாங்க இடமே இல்லாத அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் தேயாமல் கடைசி வரிசை வரை சென்று சேர வேண்டும். அதைச் செய்தவருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் மைக் ஓய்விடம் அல்ல.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குரலை மட்டும் காரணமாக்கினால் வயது பற்றிய பெரிய உண்மை விடுபட்டுப்போகும். 1949இல் ‘சாம்சன் அண்ட் டிலைலா’வில் தம்மைவிட 11 வயது மூத்த ஹெடி லமாருக்கு அக்காவாக நடித்தார். 1961இல் ‘புளூ ஹவாய்’ படத்தில் தம்மைவிடப் பத்து வயதுகூட இளையவராக இல்லாத எல்விஸ் பிரெஸ்லிக்குத் தாயாக நடித்தார். 1962இல் ‘த மஞ்சூரியன் கேண்டிடேட்’ படத்தில் அவருக்கு மகனாக வந்த லாரன்ஸ் ஹார்வி மூன்றே வயது இளையவர். அந்த வேடம் மூன்றாவது பரிந்துரையைத் தந்தது என்பது உண்மைதான், ஆனால் கதாநாயகிக்குரிய ஆண்டுகளை அவரிடமிருந்து திரையுலகம் பறித்துக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். 1964இல் அவர் நடித்த முதல் பிராட்வே இசைநாடகம் ஒன்பது காட்சிகளோடு நின்றுபோயிற்று. அதோடு ஒதுங்கிவிடாமல், 1966இல் தம் நாற்பதாவது வயதில் ‘மேம்’ நாடகத்தின் நாயகியாக ஆடிப் பாடி முதல் டோனி விருதை வென்றார். பிற நடிகைகளுக்கு வாய்ப்புகள் குறையும் வயதில் அவருக்கு அவை பெருகியதற்கு, உடல்நடை, குரல், பார்வை ஆகியவற்றால் எந்த வயதையும் உருவாக்கும் பயிற்சியை அதற்குள் பெற்றிருந்ததும் ஒரு காரணம்.

தொலைக்காட்சித் தொடர் 1984 முதல் 1996 வரை 12 பருவங்கள் ஓடியது. ஒவ்வொரு பருவத்துக்கும் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரை பெற்றும் ஒருமுறைகூட விருது தரப்படாதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மிசஸ் பாட்ஸின் பாடலை அவர் ஒரே முறையில் பாடி முடித்தார் என்று படித்தேன். அது உண்மையா?

மறுமொழி 1

உண்மைதான். அந்தப் பாடல் தமது குரலுக்குப் பொருந்தாது என்று அவர் தயங்கினார். பாடகியாகப் பாட வேண்டாம், அந்தப் பாத்திரமாகவே பாடுங்கள் என்று வேண்டிக்கொண்டார்கள். அவர் ஒருமுறை பாடியதே படத்தில் இடம்பெற்றது. அப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது. பாடலின் முடிவில் தன் மகனான குட்டிக் கோப்பையை உறங்கப் போகச் சொல்லும் பேச்சைக் கவனியுங்கள்: பாட்டு எங்கே நின்றது, பேச்சு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாத அளவுக்குக் குரல் மெல்ல இறங்கிவருகிறது. அதைக் கேட்ட கையோடு நான்சி தன் எஜமானிக்குப் பதில் சொல்லும் காட்சியையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.