தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்திற்குத் தனி இயக்குநரகம் ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அண்மையில் சென்னை தேனாம்பேட்டையிலுள்ள டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்திற்குச் சென்றிருந்தபோது, மருத்துவப் பணிகளுக்கு ஓர் இயக்குநரகமும் பொது சுகாதாரத்திற்கு மற்றோர் இயக்குநரகமும் தனித்தனியாக இயங்குவதைக் கண்டேன். இரண்டும் ஒரே அமைச்சரின் பொறுப்பில் இருக்க, இவ்வாறு பிரித்து வைத்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:
இந்தப் பிரிவினை ஆங்கிலேயர் காலத்திலேயே வேர்கொண்டது. படைவீரர்கள் போரைக் காட்டிலும் நோயினாலேயே அதிகம் மடிவதைக் கண்டு 1859-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1864-இல் சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. அன்று அதன் கவலையெல்லாம் படைவீரர் முகாம்களைப் பற்றியதே. ஊர் மக்கள் பிறகுதான் அதன் கண்ணில் பட்டார்கள். 1919-ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தம் சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைத்தபின், 1920-களின் தொடக்கத்தில் பொது சுகாதாரத் துறை தனியாக உருப்பெற்றது.

எனினும் துறைக்கு உண்மையான வலிமையைத் தந்தது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் என்பதே என் கருத்து. இராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். இராஜன் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் வந்த இச்சட்டம், நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, திருவிழாக் கூட்டங்கள் ஆகிய அனைத்திலும் தலையிடும் அதிகாரத்தைச் சுகாதார அலுவலருக்கு அது அளித்தது. வாந்திபேதி பரவிய பிறகு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், அது வருமுன்பே கிணற்றைச் சோதிக்கும் கடமை சட்டப்படி ஒருவரைச் சேர்ந்ததாயிற்று.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவரின் தலைமையிலான குழு, சிகிச்சையையும் தடுப்பையும் ஒருங்கிணைக்கப் பரிந்துரைத்தது. அதன் நோக்கம் நல்லதே. ஆனால் அவ்வழியில் இணைத்துவிட்ட மாநிலங்கள் பலவற்றில் மருத்துவமனைகளே நிதியையும் கவனத்தையும் ஈர்த்துக்கொள்ள, தடுப்புப் பணி பின்தள்ளப்பட்டது. வாசலில் நோயாளி நிற்கும்போது கொசுப்புழுவைப் பற்றி யார் நினைப்பார்கள்? தமிழ்நாடு தனி இயக்குநரகத்தையும், பொது சுகாதாரத்தில் தனிப் பயிற்சி பெற்ற அலுவலர்களையும் விடாமல் காத்துக்கொண்டது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 பேரைப் பலிகொண்ட பின்னும், முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. குடிநீரில் குளோரின் கலந்து, கழிப்பிடங்களைக் கண்காணித்து, நாள்தோறும் காய்ச்சல் கணக்கெடுத்த சுகாதார ஆய்வாளர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது எனக்கு வருத்தமே.

மறுமொழி 3:
பெருமையை மறுக்கவில்லை, ஆயினும் பிரிவினைக்கு ஒரு விலையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழும், வட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகளின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழும் இயங்கி வந்திருக்கின்றன. பிரசவத்தில் சிக்கல் ஏற்பட்ட ஒரு தாயைக் கிராமத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது, அவர் ஒரே இரவில் மூன்று நிர்வாகங்களைக் கடக்க நேரிடலாம். தனித்துறை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தாயின் பதிவேடு அவருக்கு முன்பே மருத்துவமனையைச் சென்றடையும் ஏற்பாடும் அதே அளவு வேண்டும்.