பத்துக்கு ஆறு போட்ட பாட்டு

பழைய ராக் பாட்டுகளுக்கு மார்க் போட்டு, அதற்காக நண்பர்களோடு மல்லுக்கட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அப்படி ஒரு மார்க் உங்கள் காதை மாற்றிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு நானும் என் நண்பனும் பாட்டுக் கேட்ட காலம். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு, 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. முடிந்ததும் அவன், "நல்லாப் பாடுறாங்கடா, ஆனா பின்னாடி வாத்தியமே பெருசா இல்லையே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டதெல்லாம் வாத்தியம்தான். பேஸ் துள்ளிக்கொண்டு ஓடுகிறது, டிரம்ஸ் மூச்சு விடாமல் தட்டுகிறது, குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மங்கலாக இருந்தது. அவன் ஏழு போட்டான், நான் ஐந்து. அரை மணி நேரம் வாக்குவாதம். தற்செயலாக இயர்ஃபோனை இடம் மாற்றி மாட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள், இது அவற்றில் ஒன்று. டேப்பில் இருந்தவை இரண்டே தடங்கள். பிறகு மோனோவாக, அதாவது எல்லாம் ஒரே ஒலியாக, கலப்பதற்கு வசதியாக ஒன்றில் வாத்தியம், மற்றதில் குரல். அதையே ஸ்டீரியோவாக வெளியிட்டபோது வாத்தியமெல்லாம் இடது பக்கம், குரலெல்லாம் வலது பக்கம் என்று பிரிந்து நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு முழுப் பாட்டுக்கு மார்க் போட்டிருக்கிறோம்.

அப்புறம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். வாரத்துக்கு ஒரு பாட்டு. முழுதாகக் கேட்க வேண்டும், இரண்டு காதாலும் கேட்க வேண்டும், கேட்கும்போது பேசக் கூடாது. முடிந்ததும் சீட்டில் மார்க் எழுதி மடித்து நடுவில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் வாயைத் திறக்கலாம். இந்தக் கடைசி விதிதான் முக்கியம். முதலில் பேசுகிறவர் "ஒன்பது" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் மனதில் இருந்த ஆறு எட்டாகிவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' கேட்ட நாளைப் பற்றி. 1969-ல் வந்த 'லெட் இட் ப்ளீட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. அதை அதற்கு முன் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். பத்துக்கு ஆறு என்று எழுதினேன். மிக் ஜாகர் இதைவிட நன்றாகப் பாடிய பாட்டுகள் இருக்கின்றன, அதுதான் என் காரணம். சீட்டுகளைப் பிரித்தபோது ஏழு, எட்டு, எட்டு என்று வந்தது, கடைசிச் சீட்டில் பத்து. எழுதியவர் எங்களில் ஒருவனின் அக்கா. பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், அதிகம் பேச மாட்டார்.

"ஆறா? நீ யார் குரலைக் கேட்ட?" என்றார்.

"ஜாகர் குரலைத்தான் அக்கா."

"இன்னொருத்தங்க பாடுறாங்களே, அவங்களை?"

மறுபடி போட்டார். மூன்றாவது நிமிடம் நெருங்கியபோது என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தார். மெர்ரி கிளேட்டன் தனியாகப் பாடும் இடம் அது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளுகிறார். ஓர் இடத்தில் குரல் கீறிக்கொண்டு உடைகிறது. அக்காவின் விரல் அழுத்தியது. 'கொலை' என்ற சொல் வரும் இடத்தில் மறுபடி உடைகிறது. மறுபடி ஓர் அழுத்தல். உடனே பின்னால் யாரோ வியந்து கத்துவது சன்னமாகக் கேட்டது. "அது ஜாகர்" என்றார் அக்கா. ஐம்பது தடவை கேட்டும் அந்தக் கத்தல் என் காதில் விழுந்ததே இல்லை.

நடு இரவு நெருங்கும் நேரத்தில் கிளேட்டனுக்கு அழைப்புப் போயிருக்கிறது. அப்போது அவர் கர்ப்பிணி. தலையில் சுற்றியிருந்த ரோலரோடு ஸ்டூடியோவுக்கு வந்து, சில முறை பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா சொன்னது இதைவிட முக்கியமாகப் பட்டது: "குரல் உடைஞ்சா பாடுறவங்க நிறுத்திட்டு இன்னொரு தடவை பாடுறேன்னு சொல்லுவாங்க. அதுதான் எங்க பழக்கம். இவங்க நிறுத்தல, பதிவு பண்ணவங்களும் அதை அழிக்கல." அன்று வீட்டுக்குப் போய் இருட்டில் மூன்று முறை கேட்டேன்.

மார்க்கை மாற்றக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டோம், இரண்டாவது மார்க். 'கிம்மி ஷெல்டர்' வரியில் என் பெயருக்கு நேரே 6 என்றும், பக்கத்தில் 10 என்றும் இருக்கிறது. அந்த ஆறை நான் அடிக்கவில்லை.

அடுத்த பெரிய சண்டை குயீனின் 'போஹீமியன் ராப்சடி'. அதற்கு நாலு போட்டான் ஒருவன். "மூணு பாட்டை வெட்டி ஒட்டியிருக்காங்க, கோரஸ்னு ஒண்ணு கிடையாது" என்பது அவன் கட்சி. எதிர்க்கட்சிக்காரன் அதன் உழைப்பை எடுத்துவைத்தான். 1975-ல் ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் மூவரும் தங்கள் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்துதான் அந்த ஓபரா பகுதியின் கூட்டத்தை உண்டாக்கினார்கள். திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்பார்கள். நாலு போட்டவன் அசையவில்லை. "உழைப்புக்கு மார்க் கிடையாது, காதுல விழுறதுக்குத்தான் மார்க்" என்றான்.

இது எங்களை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டது. பாட்டு உருவான கதைக்கு மார்க் உண்டா, இல்லையா? என் முடிவைச் சொல்கிறேன், மறுக்கிறவர்கள் மறுக்கலாம். கேட்கும் விதத்தை மாற்றுகிற கதை என்றால் அதற்கு மார்க் உண்டு. மரியாதையை மட்டும் கூட்டுகிற கதைக்குக் கிடையாது. ஈகிள்ஸ் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வைப் பதிவு செய்தபோது அவர்களின் கிட்டாரிஸ்ட் டான் ஃபெல்டர் தன் பழைய டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, வீட்டிலிருந்து தொலைபேசியில் ஓட்டச் சொல்லிக் கேட்டு, அதில் இருந்தபடியே மறுபடி வாசித்தார். அருமையான கதை. ஆனால் தெரிந்த பிறகும் அந்த இரட்டைக் கிட்டார் எனக்கு அதே மாதிரிதான் கேட்கிறது.

லெட் செப்பலினின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' அப்படியில்லை. மிசிசிப்பி ஆற்றின் 1927 வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. 1971-ல் வெளிவந்த ஆல்பத்துக்காகச் செப்பலின் அதை எடுத்தபோது, ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய பெரிய வீட்டில் மாடிப்படி அடியில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார்கள். எங்களில் டிரம்ஸ் வாசிப்பவன் இதைச் சொன்ன நாள் முதல், முதல் அடி விழும்போதே மேலே உயரமாக ஒரு வெற்றிடம் இருப்பது எனக்குத் தெரிகிறது. சத்தம் ஏறி, சுவரில் பட்டு, கனத்து இறங்குகிறது. ஏழிலிருந்து ஒன்பதரை. பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டிலும் இதே கதைதான். ஆர்கன் வாசித்த ஆல் கூப்பருக்கு அது பழகிய வாத்தியமே இல்லை. மற்றவர்கள் எந்தக் கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் எந்தச் சுரக்கூட்டுக்கு, போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பின்னாலேயே போகிறார். அந்த இழையளவு தாமதத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால், பிறகு பாட்டு முழுக்க அது வந்துகொண்டே இருக்கும்.

அதனாலேயே பத்திரிகைப் பட்டியல்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த 500 பாட்டுப் பட்டியலில் 2004-ல் முதலிடம் டிலனுக்கு. 2021-ல் அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' முதலிடம், டிலன் நாலாவது. 'போஹீமியன் ராப்சடி' 163-லிருந்து 17-க்கு வந்தது. பாட்டுகளில் ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்டவர்கள் வேறு, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

*

நான் கிட்டார் வாசிப்பவன். டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டுக்கு வெகுநாள் ஐந்துக்கு மேல் போட்டதில்லை. கிட்டாரைத் தொட்ட முதல் வாரமே எல்லோரும் அதில் திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃபைத்தான் வாசிப்பார்கள், நானும் வாசித்தேன். பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டை, வைத்துப் பவர் கார்டில் இழுப்பேன். கேட்க ஏதோ சப்பையாக இருக்கும். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் ஒருவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "தம்பி, பிக்கை கீழ வை" என்றார். டீப் பர்ப்பிளின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் அதை விரலால் வாசிக்கிறார், இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கிள்ளி எடுக்கிறார். பிக்கால் இழுத்தால் ஒரு கம்பி முதலில், அடுத்தது பின்னால் என்று வரும், இதில் இரண்டும் ஒன்றாக வெடிக்கும். சுரங்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியும் நான் பழகியது இல்லை, நான்காம் சுர இடைவெளி. என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். ஒரே சாதாரணக் கிட்டார், அதே என் கை, ஆனால் பாட்டில் கேட்கும் அந்தச் சத்தம் வந்துவிட்டது.

அதன் பிறகுதான் வரிகளைக் கவனித்தேன். அதில் ஒரு உவமைகூட இல்லை. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஃப்ளேர், அதாவது தீப்பொறி வெளிச்சக் குண்டு, சுட்டதில் கச்சேரி நடந்த கஸீனோ எரிந்தது. அங்கே ஆல்பம் பதிவு செய்யப் போயிருந்தவர்கள், ஏரி மேல் புகை பரவியதைப் பார்த்தார்கள். பார்த்ததை அப்படியே எழுதினார்கள். நடந்ததைச் சொல்வதற்கு இதைவிட எளிய பாட்டு எனக்குத் தெரியாது. இப்போது என் மார்க் ஒன்பது. ஒரு மார்க்கைக் குறைத்ததற்குக் காரணம் சோலோ. அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

*

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டுக்கு நான் ஒன்பது போட்டிருந்தேன். உடம்பை உலுக்கும் தாளம், கையை உயர்த்திக் கத்த வைக்கும் கோரஸ், நாட்டுப்பற்றுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டேன். என் மனைவிதான் ஒரு நாள் சரணங்களை வரிவரியாக வாசித்துக் காட்டினாள். வியட்நாமுக்கு அனுப்பப்பட்டவன், திரும்பி வந்தால் வேலை இல்லை, வியட்நாமின் கே சானில் சண்டையிட்ட சகோதரன் உயிரோடு இல்லை, போக்கிடமும் இல்லை. "இதுக்கா குதிச்சீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பேச வாய் வரவில்லை.

இதே பாட்டை 1982-ல் ஸ்பிரிங்ஸ்டீன் தனியாகக் கிட்டாரோடு பாடிப் பதிவு செய்திருக்கிறார், 1998-ல் 'டிராக்ஸ்' தொகுப்பில் வெளியிட்டார். அதைக் கேட்டுப் பாருங்கள். யாராலும் கையை உயர்த்த முடியாது. எங்கள் வீட்டில் இன்னும் இதுதான் விவாதம். சத்தமான வடிவம் பாட்டின் பொருளை மறைத்துவிட்டது என்கிறாள் அவள். அந்தக் கோரஸில் இருப்பது கொண்டாட்டம் இல்லை, ஆத்திரம், அதற்கு அவ்வளவு சத்தம் வேண்டும் என்கிறேன் நான். அவள் தனிக் கிட்டாருக்குப் பத்து, மற்றதற்கு ஆறு. நான் இரண்டுக்கும் ஒன்பது.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். ஃப்ளேர் கதை எனக்குத் தெரியும், விரலால் கிள்ளுவது தெரியாது. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு நேற்று ஹெட்ஃபோனில் அந்த ரிஃபை மட்டும் பத்துத் தடவை கேட்டேன். ஆமாம், இரண்டு கம்பியும் ஒன்றாகத்தான் வருகிறது. சோலோவை விட்டுவிடாதீர்கள், அதற்கு அடியில் ராஜர் குளோவரின் பேஸைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

ஸ்பிரிங்ஸ்டீன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம், ஆனால் தனிக் கிட்டார் வடிவத்தை இன்னும் கேட்டதில்லை. நாளை மாலை ஐந்து பேரும் கூடுகிறோம், அதைத்தான் போடப்போகிறேன். என்ன பாட்டு என்று நாலு பேரிடமும் சொல்லவில்லை. சீட்டு வெட்டி வைத்துவிட்டேன்.