கண்ணாடி அணிபவன் விமானி ஆக முடியுமா? கட்டணம் கட்டும் முன் ஆலோசனை தேவை

கேள்வி – வான்நோக்கி

வணக்கம். பள்ளி இறுதியாண்டு படிக்கிறேன். இயற்பியலும் கணிதமும் நன்றாக வரும். விமானி ஆக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறேன். ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரித்தபோது, இந்த மாதத்துக்குள் முழுக் கட்டணத்தையும் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். அப்பா கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். சேர்ந்துவிடலாமா?

பதில் – பயிற்றுநர்

தம்பி, பணத்தைக் கட்டிவிடாதே. முதலில் கிளாஸ் 1 மருத்துவச் சான்று, அதாவது வணிக விமானிக்குத் தேவையான உடல்தகுதிச் சான்று வாங்கு. அது கைக்கு வரும்வரை அப்பா எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

கண்ணாடி தடையில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நிறப்பார்வைதான் பலரும் எதிர்பாராத இடம். புள்ளிகளுக்கு நடுவே எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். இது வெறும் சடங்கு இல்லை. தரையிறங்க வரும்போது ஓடுபாதையின் ஓரத்தில் இறங்கும் சரிவைக் காட்டும் நான்கு பாப்பி விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் வருகிறாய். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டாய். அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

பழைய நோய், வலிப்பு, ஆஸ்துமா எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காதே. மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் உரிமமே போய்விடும்.

தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முழுத் தொகையையும் கட்டிய மாணவர்கள், பள்ளி மூடப்பட்டுப் பாதிப் பயிற்சியோடு நடுத்தெருவில் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தவணையாக வாங்கும் பள்ளியைத் தேடு. நேரில் போய் விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குள் நுழைந்து பார். எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன, எத்தனை எஞ்சினைக் கழற்றிய நிலையில் தூசி படிந்து நிற்கின்றன என்று எண்ணு. அங்கே படிக்கும் மாணவர்களிடம், பறந்த நாளையும் நேரத்தையும் எழுதிவைக்கும் லாக்புக்கைக் கேட்டு வாங்கிப் பார். மாதக்கணக்கில் இடைவெளி தெரிந்தால் அந்தப் பள்ளி வேண்டாம். விட்டு விட்டுப் பறப்பவன் கற்றதையே திரும்பக் கற்க வேண்டிவரும், அதற்கும் அவனே பணம் கொடுக்க வேண்டும்.

பதில் – வலது இருக்கை

நான் துணை விமானி. உரிமம் வாங்கிய பிறகு வரும் காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தம்பி. வணிக விமானி உரிமத்துக்கு ஐகாவோ கேட்பது குறைந்தது 18 வயது, 200 மணி நேரப் பறப்பு. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பயணிகள் ஜெட்டில் உட்கார முடியாது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, பல எஞ்சின் தகுதி, பிறகு அந்தந்த விமான ரகத்துக்கான டைப் ரேட்டிங் என்று தனித்தனியாகச் செலவு வரும். வேலை கிடைக்கும் வரை கடன் தவணை காத்திருக்காது. காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஒரு பட்டப்படிப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று எந்த வயதிலும் பறிபோகலாம்.

வான்நோக்கி

மிக்க நன்றி. அப்பாவிடம் இரண்டு பதில்களையும் படித்துக் காட்டினேன். இன்னொரு சந்தேகம், ஐயா. பறப்பதற்கு இயல்பிலேயே திறமை வேண்டுமா?

பதில் – பயிற்றுநர்

கை லாகவம் பழகப் பழக வரும். தரையிறங்கும்போது புதியவர்கள் விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே உள்ள தரையையே பார்ப்பார்கள். ஓடுபாதையின் கடைசி முனையைப் பார்க்கப் பழகியதும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நான் மாணவனிடம் தேடுவது வேறு.

பறக்கும் முன் எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துச் சிறு குப்பியில் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் கனம் காரணமாக அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும். கோடு இல்லையே, சுத்தம் என்று பலர் கொட்டிவிடுவார்கள். ஆனால் குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது! சிறிய விமானங்களுக்கு ஊற்றும் 100எல்எல் என்ற பெட்ரோலுக்கு இளநீல நிறம் உண்டு. வெள்ளைப் பின்னணியில் பிடித்து அந்த நீலத்தைத் தேடி, முகர்ந்தும் பார்க்கிறவனை நான் நம்பித் தனியாக அனுப்புவேன். அவசரமாக இருக்கும்போதும், யாரும் பார்க்காதபோதும் அதை அப்படியே செய்கிறாயா என்பதுதான் கேள்வி. இந்தக் குணம் உனக்கு இருக்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள்.

சான்று வந்த பிறகு, பள்ளியில் சேரும் முன் பயிற்றுநரோடு ஓர் அறிமுகப் பறப்புக்குப் போய் வா. சிறிய விமானம் காற்றில் நிறைய ஆடும். குமட்டல் வந்தால் மனம் தளராதே, பெரும்பாலானவர்களுக்குச் சில பறப்புகளில் பழகிவிடும். இறங்கியதும் மறுபடி எப்போது ஏறலாம் என்று தோன்றுகிறதா என்று மட்டும் பார்.