யாருக்காவது காலில் ரத்தம் கட்டியதுண்டா?

குழு: நம்ம வீட்டார்

சனி, காலை 9:12

மீனா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. நேற்று மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து கட்டியதுண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "தெரிந்து இல்லையா, கேட்டுப் பார்த்து இல்லையா?" என்றார். அதனால் கேட்கிறேன்.

பெரியம்மா: மகப்பேறு மருத்துவரா! நல்ல சேதியா மீனா?

மீனா: இன்னும் இல்லை பெரியம்மா. திட்டமிடத்தான் போனோம்.

பெரியம்மா: இதற்கெல்லாமா திட்டம்? நாங்கள் என்ன திட்டம் போட்டா பெற்றோம்?

அண்ணி: நீங்கள் குடலை வெட்டி மாற்றித் தைத்துக்கொள்ளவில்லையே பெரியம்மா.

பெரியம்மா: அதுவும் சரிதான்.

அம்மா: எடை குறைக்க வயிற்றில் செய்த பைபாஸ் ஆபரேஷன் முடிந்து 14 மாதம். 38 கிலோ குறைந்தாயிற்று. இன்னும் எதற்குக் காத்திருப்பு என்றுதான் எனக்கும் புரியவில்லை.

மீனா: பொதுவாகவே 12 முதல் 18 மாதம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள் அம்மா. எடை வேகமாக இறங்குகிறபோது உடம்பு தன் சேமிப்பையே எடுத்துச் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் இன்னோர் உயிருக்கு எங்கிருந்து கொடுக்கும்? எனக்குப் போன மாதம்கூட 2 கிலோ இறங்கியது. இரும்பும் குறைவு. எடை ஓரிடத்தில் நின்று, ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக வரட்டும் என்கிறார் அறுவை செய்தவர்.

சித்தப்பா: குரல் செய்தி (2:14)

மீனா: சித்தப்பா, நான் வேலையில் இருக்கிறேன், கேட்க முடியாது. கொஞ்சம் எழுதுங்களேன்.

திவ்யா: அவர் எழுதமாட்டார் அக்கா, நான் கேட்டுவிட்டேன். கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தாரே, அப்போது கெண்டைக்கால் வீங்கியதாம். ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டி என்றார்களாம். 6 மாதம் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டாராம். மீதி ஒன்றரை நிமிடம் கட்டுப் போட்டவரைத் திட்டியிருக்கிறார்.

மீனா: சித்தப்பா! இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

சித்தப்பா: கால் முறிந்தது எல்லாருக்கும் தெரியுமே. இது அதனோடு வந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

அண்ணி: மீனாவுக்கும் அப்படித்தான் சித்தப்பா. அறுவை முடிந்து மூன்றாவது வாரம் காலில் கட்டி வந்தபோது, பெரிய ஆபரேஷன் அல்லவா, வரக்கூடியதுதான் என்றார்கள். பிறகு பரிசோதித்தபோதுதான் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்கிற மரபணு மாற்றம் என்று தெரிந்தது. பிறவியிலேயே உள்ளது. சும்மா இருக்கும்போது இருப்பதே தெரியாது. அறுவை, மாவுக்கட்டு, பிரசவம் என்று ஏதாவது ஒன்று கூடச் சேரும்போதுதான் முகத்தைக் காட்டும்.

சித்தப்பா: லைடன் யார், கண்டுபிடித்தவரா?

ராகவன்: ஊர்ப்பெயர் மாமா. நெதர்லாந்தில் இருக்கிறது. 1994ல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள்.

சித்தப்பா: நம் சோழர் செப்பேடுகளை லைடன் செப்பேடுகள் என்று படித்தோமே, அந்த லைடனா?

ராகவன்: அதே லைடன்தான்.

சித்தப்பா: நம் ரத்தத்துக்கும் அங்கேதான் பட்டயம் எழுதியிருக்கிறார்கள் போல.

அப்பா: அது என்னதான் செய்கிறது? இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அண்ணி: காயம் பட்டால் ரத்தம் உறையவேண்டும் மாமா, வேலை முடிந்ததும் உறைவது நிற்கவும் வேண்டும். ஃபேக்டர் ஃபைவ் உறையவைக்கிற புரதங்களில் ஒன்று. அதை வெட்டி நிறுத்துகிற இன்னொரு புரதம் இருக்கிறது. இவர்களுக்கு அந்த வெட்டுகிற இடம் கொஞ்சம் மாறியிருக்கும். வண்டி நன்றாகத்தான் ஓடும், பிரேக் பிடிக்க மட்டும் நேரமாகும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கட்டியே வராது.

பெரியம்மா: அப்படியானால் ஏன் இவ்வளவு பயம்?

அண்ணி: கர்ப்ப காலத்தில் யாருக்குமே ரத்தம் எளிதில் உறையும் பெரியம்மா. பிரசவத்தில் அதிகம் ரத்தம் போய்விடாமலிருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சாதாரணமாக இருப்பவர்களுக்கே கட்டி வரும் வாய்ப்பு 4, 5 மடங்கு கூடும். மீனாவுக்கு மரபும் இருக்கிறது, ஏற்கனவே ஒரு முறை வந்தும் இருக்கிறது.

சித்தப்பா: நான் சாப்பிட்ட மாத்திரையையே இவளுக்கும் கொடுக்கலாமே. எனக்கு நன்றாகக் கேட்டது.

மீனா: அது கூடவே கூடாதாம் சித்தப்பா. வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும். 6 முதல் 12 வாரத்துக்குள் போனால் எலும்பும் மூக்கும் உருவாவதையே பாதிக்குமாம். புதிதாக வந்திருக்கிற மாத்திரைகளும் கர்ப்பத்தில் வேண்டாம் என்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஹெப்பாரின் வகை ஊசி மட்டும்தான், அது குழந்தைக்குப் போகாது. இன்னொரு வசதியும் இருக்கிறது. பைபாஸ் செய்த குடலில் மாத்திரை எவ்வளவு உறிஞ்சும் என்று நிச்சயமில்லை. தோலுக்கடியில் போடுகிற ஊசிக்குக் குடலின் தயவு தேவையில்லை.

அம்மா: எத்தனை நாள் ஊசி?

மீனா: கர்ப்பம் உறுதியானதும் ஆரம்பித்து, பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரை. தினமும்.

அம்மா: தினமுமா!

ராகவன்: நான் போடக் கற்றுக்கொண்டுவிட்டேன் அத்தை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் நான்தானே போட்டேன். முதல் நாள் என் கைதான் நடுங்கியது, அவள் சும்மாதான் இருந்தாள்.

மீனா: சும்மா இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சனி, பிற்பகல் 2:40

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: அத்தை, என்ன எழுதி எழுதி அழிக்கிறீர்கள்?

அத்தை: ஒன்றுமில்லை. விரல் பட்டுவிட்டது.

சனி, இரவு 10:55

அத்தை: மீனா, தூங்கிவிட்டாயா? சின்னவன் பிறந்து பத்தாவது நாள் எனக்கு இடது கால் தொடை வரை வீங்கியது. நீர் கோத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் கட்டி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். 12 நாள் இருந்தேன். உன் அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது. காய்ச்சல் என்றுதான் சொல்லச் சொன்னார்கள். ரத்தத்தில் குறை உள்ள குடும்பம் என்று பெயர் வந்துவிடுமாம், பின்னால் இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம். அந்த இரண்டு பெண்கள் நீயும் திவ்யாவும்தான்.

அப்பா: எனக்குக் காய்ச்சல் என்றுதான் தெரியும். நான் வந்து பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

அத்தை: உன்மேல் தப்பில்லை அண்ணா. மூன்றாவது பற்றி எல்லாரும் கேட்டபோது நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது புரிகிறதா?

மீனா: அத்தை, நான் தூங்கவில்லை. நீங்கள் சொன்னதற்கு நன்றி. நாளைக்கு நேரில் வருகிறேன்.

ஞாயிறு, காலை 7:03

அண்ணி: அத்தை, இதை எழுதுவது எளிதில்லை என்று தெரியும். ஆனால் மிகவும் உதவும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலம். உங்களுக்கு வந்ததும் அப்போதுதான். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் தேடிப் பாருங்கள்.

அண்ணி: திவ்யா, மாதவிலக்கு சீராக ஏதோ மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா? பெயர் என்ன? குழுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்பு.

திவ்யா: அனுப்பிவிட்டேன் அண்ணி. 5 மாதமாகச் சாப்பிடுகிறேன். ஏன்?

அண்ணி: பயப்படாதே, ஆனால் இதை ஒத்திப்போடவும் கூடாது. அதில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் இருக்கிறது. அது ரத்தம் உறைவதைத் தூண்டும். உன் அக்காவுக்கு இருக்கிற மரபு உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாத்திரை எழுதியவருக்கு இது தெரியாது, நீ சொல்லவும் வாய்ப்பில்லை. காலில் வீக்கம், வலி, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் ஏதாவது இருக்கிறதா?

திவ்யா: எதுவும் இல்லை.

அண்ணி: சரி. இன்றே அவரைக் கூப்பிட்டு, அக்காவுக்கு இது, அத்தைக்கு இது என்று சொல். நிறுத்துவதா மாற்றுவதா என்று அவரே சொல்லட்டும். இடையில் அந்த அறிகுறி ஏதாவது வந்தால் நேராக அவசரப் பிரிவு.

திவ்யா: ஒரே கேள்விக்கு எத்தனை பேர் மாட்டுகிறோம் பாருங்கள். முதலில் சித்தப்பா, பிறகு அத்தை, இப்போது நான்.

அம்மா: விளையாட்டாகப் பேசாதே. இப்போதே கூப்பிடு.

திங்கள், மாலை 6:20

திவ்யா: பேசினேன். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு ஒன்று எழுதியிருக்கிறார். மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டேன். அண்ணி, கும்பிடுகிறேன்.

பெரியம்மா: நான் ஒன்று கேட்கலாமா? இவ்வளவு சிக்கல் இருந்தால் அந்த ஆபரேஷனைச் செய்யாமலே இருந்திருக்கலாமோ?

மீனா: நானும் இதை எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன் பெரியம்மா. ஆனால் பழைய எடையும் சும்மா இருந்திருக்காது. அதிக எடையே கட்டிக்கு ஒரு காரணம்தான். எனக்குச் சர்க்கரையும் எல்லையில் நின்றது.

ராகவன்: ஸ்வீடனில் ஒரு பெரிய ஆய்வு, 2015ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இந்த அறுவை செய்துகொண்டு கருவுற்றவர்களையும், அதே அளவு எடையோடு அறுவை இல்லாமல் கருவுற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கர்ப்ப காலச் சர்க்கரை முன்னவர்களுக்கு 1.9 சதவீதம், மற்றவர்களுக்கு 6.8. அது லாபம். வயதுக்குத் தக்க எடையில்லாத சிறிய குழந்தைகள் 15.6 சதவீதம், மற்றவர்களுக்கு 7.6. அது நஷ்டம். அதனால்தான் குழந்தை வளர்கிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பார்ப்பார்களாம்.

பெரியம்மா: மாப்பிள்ளை கணக்கு வாத்தியார் மாதிரிப் பேசுகிறார்.

அம்மா: சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு பரிசோதனை செய்வார்களே, அதை இவள் தாங்குவாளா? போன தடவை கொஞ்சம் இனிப்புக்கே வேர்த்து, படபடத்துப் படுத்துவிட்டாளே.

மீனா: அதைத்தான் நானும் கேட்டேன். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாமாம், சட்டென்று குடலில் இறங்கி அந்தப் படபடப்புதான் வரும். 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்வார்களாம்.

பெரியம்மா: நான் அனுப்பிய சத்து மாத்திரைப் படத்தைப் பார்த்தாயா? கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பித்தால் நல்லதாம்.

மீனா: பார்த்தேன் பெரியம்மா. அதில் வைட்டமின் ஏ ரெட்டினாலாக இருக்கிறது. அது அதிகமானால் கருவுக்கு ஆகாது, பீட்டா கரோட்டினாக உள்ளதைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் இப்போதே ஆரம்பித்தாயிற்று. இரும்பும் கால்சியமும் மட்டும் சக்களத்திகள், ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் ஆகாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். என் கைபேசி நாளுக்கு ஐந்து முறை அலறுகிறது.

அண்ணி: பி12 பார்த்தார்களா? அது குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

மீனா: பார்த்தார்கள். கொஞ்சம் குறைவு. ஊசியாகப் போடுகிறார்கள்.

அண்ணி: இன்னொன்று. அத்தை (மீனாவின் அம்மாவைத்தான் சொல்கிறேன்), இது உங்களுக்கும் சேர்த்துத்தான், நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள். கர்ப்பத்தில் மீனாவுக்கு விடாமல் வாந்தியோ கடுமையான வயிற்று வலியோ வந்தால் மசக்கை என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் உள்ளேயே ஒரு இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளக்கூடும். கர்ப்பப்பை பெரிதாகும்போது அந்த ஆபத்து இன்னும் கூடும். அறுவை செய்த மருத்துவரும் பார்த்தாக வேண்டும்.

அம்மா: இதை எழுதிக் கதவில் ஒட்டிவைக்கிறேன்.

மீனா: எனக்கு இதில் அலுப்பே மருத்துவர்கள்தான். குடலைப் பார்க்கிறவர் ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் அவரைக் கேளுங்கள் என்கிறார். ரத்தத்தைப் பார்க்கிறவர் எடை எவ்வளவு என்று பழைய தாளைப் பார்த்து எழுதுகிறார், 38 கிலோவுக்கு முந்தைய எடை அது. ஊசியின் அளவே எடையை வைத்துத்தான். நான் சொல்லியிராவிட்டால் அப்படியே போயிருக்கும். இந்த மகப்பேறு மருத்துவர் மூவரையும் ஒரே நாளில் பேசவைக்கிறேன் என்கிறார். பிரசவ வலி மறக்க முதுகில் ஊசி போடவேண்டுமானால் கடைசி ஹெப்பாரினுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டுமாம், அதனால் மயக்க மருத்துவரையும் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறார்.

பெரியம்மா: சரி, ஒரே ஒரு கேள்வி. அதற்கப்புறம் கேட்கமாட்டேன். எப்போது?

மீனா: இன்னும் 4 மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அது சரியென்றால் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

பெரியம்மா: சரி. 4 மாதம் வாயைத் திறக்கமாட்டேன்.

சித்தப்பா: இதை யாராவது படம் பிடித்து வையுங்கள்.

வியாழன், காலை 11:31

அத்தை: படம்

அத்தை: பீரோவின் அடித்தட்டில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. கீழே இரண்டு வரி மங்கிவிட்டது, ஆனால் "இடது தொடை", "நுரையீரல்" இரண்டும் தெரிகிறது. போதுமா?

மீனா: தாராளம் அத்தை. தேதியும் தெரிகிறது.

அப்பா: அப்போது எனக்கும் பார்க்கவேண்டுமா? எனக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லையே.

அண்ணி: உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் வந்திருக்கிறது, உங்கள் மகளுக்கும் இருக்கிறது மாமா. உங்கள் வழியாகத்தான் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றும் வராமலே எடுத்தாக வேண்டும் என்றில்லை. ஆனால் அடுத்த மாதம் முட்டி ஆபரேஷன் என்றீர்களே, அந்த மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் மேசையில் படுக்காதீர்கள்.

அப்பா: அட, ஆமாம். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு மீனா.

மீனா: இங்கேயேதான் இருக்கிறது அப்பா, ஆறு செய்தி மேலே பாருங்கள்.

அப்பா: சரி, கிடைத்துவிட்டது.